கைநோவோடு பின்னுகிற பிள்ளைகளுக்கு

என் வீட்டுத் திண்ணைக்குச் சனிக்கிழமை தோறும் குரோஷா படிக்க வருகிற பிள்ளைகளில் மூன்று பேருக்கு இப்போது கைநோவு. அவர்களில் ஒருத்திக்கு 34 வயது. முடக்கு வாதம் என்று போன ஆவணியில்தான் மருத்துவர் சொன்னார். பாதியில் நின்ற மேசைவிரிப்பை மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தாள். "டீச்சர், இனி என்னால ஆகாது. நீங்களே முடிச்சு யாருக்காவது குடுத்திருங்க" என்றாள். பையை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். அந்த விரிப்பைப் பற்றி ஒரு யோசனையும் அவசரத்துக்கு ஒன்றிரண்டு வழியும் அன்றைக்கே சொன்னேன். மற்றதை எழுதித் தருகிறேன் என்றேன். ஒரு வாரம் என்றது நான்கு வாரம் ஆகிவிட்டது. ஒரு நாளைக்கு அரைப் பக்கத்துக்கு மேல் என் கை எழுதாது.

எனக்கு இந்த நோய் வந்தது 1997இல். அப்போது பள்ளியில் தையல் ஆசிரியை, வயது 42. ஒரு நாள் காலை முதல் பாடவேளையில் சாக்பீஸைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. இன்று எனக்கு 70. இரண்டு கையிலும் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. இந்தக் கையால் போன வருடம் ஏழு குழந்தைச் சட்டையும் ஒரு கட்டில் விரிப்பும் பின்னினேன். நான் எழுதுவதை நீங்கள் நம்ப வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கணக்கு. வேலைக்குத் தகுந்தபடி கையை வளைத்த வருடங்களில் கையையும் கெடுத்துக்கொண்டேன், வேலையும் நின்றது. கைக்குத் தகுந்தபடி வேலையை மாற்றத் தொடங்கிய பிறகு இரண்டும் ஓடுகின்றன.

1. நோவுக்கு முதலில் பேர் தெரியட்டும். "கை வலிக்குது, தைலம் தேய்க்கிறேன்" என்று ஆறு மாதம் கடத்தாதீர்கள். எல்லாக் கைநோவும் ஒன்றல்ல. தேய்மானம் பெரும்பாலும் விரல் நுனி மூட்டுகளிலும் பெருவிரலின் அடியிலும் வரும். வேலை செய்யச் செய்யக் கூடும், ஓய்வெடுத்தால் குறையும். முடக்கு வாதம் மணிக்கட்டையும், கையை மடக்கினால் புடைத்து நிற்கிற மூட்டுகளையும், நடு மூட்டுகளையும் பிடிக்கும்; இரண்டு கையிலும் ஒரே மாதிரி வரும். காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் இறுகிக் கிடக்கும். மூட்டு மெத்தென்று வீங்கி, தொட்டால் சூடாக இருக்கும். ராத்திரியில் பெருவிரலும் அடுத்த இரண்டு விரலும் மரத்துப்போய்த் தூக்கம் கலைந்தால் அது மணிக்கட்டில் நரம்பு நெருங்குவதாக இருக்கலாம். சர்க்கரை இருக்கிறவர்களுக்கு விரல் மடங்கிய இடத்தில் சிக்கிக்கொண்டு, 'டக்'கென்று நிமிர்வதுண்டு. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு, பின்னும் முறையும் வேறு.

முடக்கு வாதம் என்பது நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குவது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. மூட்டு அரிப்பு முதல் வருடங்களிலேயே தொடங்கிவிடும். அரித்த எலும்பு திரும்ப வளராது. எனக்குச் சரியான மருந்து தொடங்க இரண்டு வருடம் பிந்தியது. என் விரல்களின் சாய்வு அந்த இரண்டு வருடத்தின் கணக்கு. இன்றைக்கு வாத நோய்க்கென்றே படித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போங்கள்.

2. மருந்துச் சீட்டை நீங்களே வாசியுங்கள். இது பின்னல் பாடம் இல்லைதான், ஆனாலும் எழுதாமல் விடமாட்டேன். முடக்கு வாதத்துக்கு முதலில் கொடுக்கிற மருந்து பெரும்பாலும் மெத்தோட்ரெக்ஸேட். அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டியது. எனக்கு அதை முதன்முதலாகக் கொடுத்தபோது மருந்துக் கடையில் உறையின்மேல் "தினம் இரவு" என்று எழுதித் தந்துவிட்டார்கள். ஐந்தாவது நாள் வாயெல்லாம் புண், தண்ணீர்கூட இறங்கவில்லை. தினமும் சாப்பிட்டால் அந்த மருந்து இரத்த அணுக்களையே குறைத்து உயிருக்கு ஆபத்தாகும் என்று மருத்துவர் பதறிப்போய் நிறுத்தினார். அன்றிலிருந்து என் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கும். நீங்களும் ஒரு கிழமையை முடிவு செய்து வட்டம் போடுங்கள். ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் சேர்த்து எழுதியிருப்பார்கள், அதை எந்தெந்த நாளில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை பெறும் உத்தேசம் இருந்தால் மருந்து தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கர்ப்பத்தில் அந்த மருந்து கூடவே கூடாது.

முடக்கத்தான் தோசை சாப்பிடுங்கள், எனக்கும் பிடிக்கும். ஆனால் பேர் ஒட்டாத பொட்டலத்தில் யாரோ கொடுக்கிற பொடியை வாங்காதீர்கள். இரண்டு நாளில் வலி பறந்துவிட்டதென்றால் அதற்குள் ஸ்டீராய்டு இருக்கலாம்.

3. காலையில் எழுந்ததும் ஊசியைத் தொடாதீர்கள். கை இறுக்கம் விட நேரம் கொடுங்கள். நான் ஐந்து மணிக்கு எழுந்தால் எட்டு மணி வரை என் விரல்கள் என்னுடையவை அல்ல. ஒரு அகலமான பாத்திரத்தில் பொறுக்கிற சூட்டில் வெந்நீர் எடுத்து, மணிக்கட்டு வரை முக்கிப் பத்து நிமிடம் வைப்பேன். தண்ணீருக்குள்ளேயே விரலை மெதுவாக மடக்கி, நிமிர்த்தி, ஒவ்வொரு விரல் நுனியையும் பெருவிரல் நுனியோடு தொட வைப்பேன். இறுக்கி மூடக் கூடாது. முட்டையைக் கைக்குள் வைத்திருக்கிற அளவு போதும். இயன்முறை சிகிச்சைப் பிரிவுகளில் உருகிய மெழுகில் கையை முக்கி எடுப்பார்கள். ஏறக்குறைய 50 டிகிரி சூட்டில் வைத்திருக்கிற தனி மெழுகு அது. இதமாக இருக்கும். அதை வீட்டு அடுப்பில் வைத்துச் செய்து பார்க்க வேண்டாம், வெந்துபோகும்.

நான் பின்ன உட்காருவது பத்தரைக்கு. உங்கள் நேரம் வேறாக இருக்கும். ஒரு வாரம், எந்த மணிக்கு விரல் சொன்னபடி கேட்கிறது என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். அந்த மணியைப் பின்னலுக்கு வைத்துக்கொண்டு, மற்ற வேலையை அதன் இரண்டு பக்கமும் தள்ளுங்கள்.

4. வரிசையின் நடுவில் நிறுத்தப் பழகுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. எனக்கே ஐந்தாறு வருடம் பிடித்தது.

பின்னுகிற எல்லோருக்கும் ஒரு ஆசை உண்டு: இந்த வரிசை முடியட்டும். வரிசை முடிந்ததும் அடுத்த வரிசைக்கு மூன்று சங்கிலி ஏற்றி வைத்துவிடுவோம் என்று தோன்றும். ஏற்றினால் நாலு கண்ணி போட்டுப் பார்க்கத் தோன்றும். அப்படித்தான் முக்கால் மணி நேரம் போகும். கை நன்றாக இருக்கிறவர்களுக்கு அது இன்பம். நமக்கு அதன் விலை அன்று ராத்திரி தெரியும்.

20 நிமிடம் பின்னுங்கள், 10 நிமிடம் வையுங்கள். போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். அலாரம் அடித்தபோது எந்தக் கண்ணியில் இருக்கிறீர்களோ அந்தக் கண்ணியில் ஒரு ஊக்கைப் போட்டுப் பூட்டுங்கள். ஊசியை உருவி எடுத்துவிடுங்கள். ஊக்கு இருந்தால் நூல் இழுபட்டாலும் கண்ணி பிரியாது. ஊசி கண்ணியிலேயே இருந்தால் கை தானாக அதை எடுக்கும். ஊக்கைத் திறக்க வேண்டியிருந்தால் யோசிக்கும். என் பின்னல் பெட்டியில் இதற்கென்று பெரிய ஊக்குகள் பன்னிரண்டு வைத்திருக்கிறேன். சின்ன ஊக்கு வேண்டாம், அதைத் திறப்பதே ஒரு நோவு.

அளவு தெரிய ஒரு கணக்கு இருக்கிறது. கை சிகிச்சை தருகிறவர்கள் சொல்வது: வேலையை வைத்த பிறகும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வலி நீடித்தால் அன்றைக்கு அளவு மீறிவிட்டது. மறுநாள் அதில் பாதி நேரம் மட்டும் பின்னுங்கள். 20 நிமிடமே அதிகமாக இருக்கிற கைகளும் உண்டு. ஏழு நிமிடத்தில் தொடங்கிய ஒருத்தியை எனக்குத் தெரியும், அவள் இப்போது கால் மணி நேரம் பின்னுகிறாள்.

5. ஊசியைத் தடியாக்குங்கள். கடையில் விற்கிற இரும்பு குரோஷா ஊசி பென்சிலைவிட மெல்லியது. மெல்லிய பொருளைப் பிடிக்க விரல் முழுதாக மடங்க வேண்டும். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் இறுக்கிக் கிள்ள வேண்டும். நுனியில் கொஞ்சம் கிள்ளினாலே பெருவிரலின் அடி மூட்டில் அந்த அழுத்தம் பல மடங்காகச் சேரும். தடியான பிடிக்கு அந்த இறுக்கம் வேண்டாம்.

ஏசி பொருத்துகிறவர்கள் செம்புக் குழாயின்மேல் கறுப்பாக ஒரு நுரைக் குழாய் மாட்டுவார்கள். வெட்டிப் போட்ட துண்டு கேட்டால் சும்மாவே தருவார்கள். நான்கு விரற்கடை நீளம் நறுக்கி, ஊசியின் காம்பில் முதலில் பழைய பருத்தித் துணியைச் சுற்றி, அதன்மேல் இந்தக் குழாயை ஏற்றுங்கள். ஆடாமல் இருக்க இரண்டு முனையிலும் நூலால் கட்டுங்கள். நுரை கிடைக்காவிட்டால் சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டிச் சுற்றலாம். எடை கொஞ்சம் கூடும், ஆனால் வழுக்காது. உங்கள் உள்ளங்கைக்கு எந்தத் தடிமன் சரி என்பதை மூன்று நான்கு ஊசியில் சுற்றிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு வெள்ளைப்பூண்டுத் தலையின் கழுத்துப் பருமன் போதவில்லை, சின்ன வாழைக்காய்ப் பருமன் ஒத்துவந்தது.

பிடிக்கும் விதத்தையும் மாற்றுங்கள். பேனா பிடிக்கிறது போலப் பிடித்தால் பாரம் மூன்று விரல் நுனியில். கத்தி பிடிக்கிறது போல உள்ளங்கைக்குள் அடக்கினால் பாரம் கை முழுக்கப் பரவும். மணிக்கட்டைத் திருப்பாமல் முன்கையோடு சேர்த்து அசைக்கலாம். நான் 30 வருடம் பேனாப் பிடியில் பின்னியவள். மாற்றிய முதல் மாதம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பின்னியது போல இருந்தது. இரண்டாம் மாதம் கை பழகிவிட்டது.

நூலும் முக்கியம். பருத்தி நூல் இழுபடாது. அதன் விறைப்பை விரல்தான் தாங்க வேண்டும். உல்லன் நூல் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். ஒரு மில்லிமீட்டர் ஊசியில் மெல்லிய பருத்தி நூலைப் பின்னிக்கொண்டிருந்தவர்கள், நான்கு அல்லது ஐந்து மில்லிமீட்டர் ஊசிக்கும் உல்லன் நூலுக்கும் மாறுங்கள். கண்ணியைத் தளர்த்திப் போடுங்கள். அடுத்த வரிசையில் ஊசி தானாக நுழைய வேண்டும். குத்தித் திணிக்க வேண்டியிருந்தால் அது இறுக்கம். நூல் வெட்டப் பெரிய கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். டெய்லர் கடையில் உள்ளங்கையில் வைத்து அமுக்குகிற சின்ன நூல் வெட்டி இருக்கும், விட்டால் தானாக விரியும். அது போதும்.

6. பெரிய வேலையைச் சின்னதாக உடையுங்கள். மேசைவிரிப்பும் கட்டில் விரிப்பும் பாதி ஆனதும் கனக்கும். ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் அந்தக் கனம் மணிக்கட்டில் தொங்கும். சதுரம் சதுரமாகப் பின்னிக் கடைசியில் இணைத்தால் கையில் எப்போதும் ஒரு வெற்றிலை எடைதான்.

மஞ்சள் பைப் பிள்ளைக்கு அன்றைக்கே நான் சொன்ன யோசனை இதுதான். அவள் பின்னி முடித்தது 24 அங்குலச் சதுரம். விரிப்பு 48 அங்குலம் வேண்டும். முடிந்ததை நடுத்துண்டாக வைத்து ஓரம் கட்டிவிடு. சுற்றிலும் 4 அங்குலச் சதுரம் மூன்று வரிசை வைத்தால் மொத்தம் 108 சதுரம். நாளுக்கு ஒன்று பின்னினால் நான்கு மாதம். நோவு கூடிய நாட்களைக் கழித்தால் ஆறு மாதம். தைக்கு முடியாவிட்டால் சித்திரைக்கு முடியட்டும்.

உட்காரும் இடத்திலும் கவனம் வேண்டும். கையை அந்தரத்தில் தூக்கிப் பின்னாதீர்கள். மடியில் ஒரு தலையணை வைத்து அதன்மேல் இரண்டு முழங்கையும் ஊன்றட்டும். எம்பிராய்டரி செய்கிறவர்கள் வளையத்தை இடது கையில் பிடிக்கவே வேண்டாம். மேசை விளிம்பில் கிளாம்பு போட்டு நிறுத்திவிடுங்கள், அல்லது ஆரி வேலைக்காரர்களின் சட்டத்தில் துணியைப் பூட்டுங்கள்.

7. கையின் பலம் அடுக்களையில்தான் திருட்டுப் போகிறது. ஈரத் துணியை முறுக்கிப் பிழிவது, தேங்காய் திருவுவது, தண்ணீர் நிறைந்த குடத்தை இடுப்புக்கு ஏற்றுவது, தோசைக்கல்லை ஒற்றைக் கையால் தூக்குவது: இந்த நாலும் மணிக்கட்டுக்கு எதிரி. துணியைக் குழாயின் கழுத்தில் சுற்றிப் போட்டு இரண்டு முனையையும் சேர்த்து இழுங்கள், பிழியாதீர்கள். பாத்திரத்தை விரலால் தூக்காமல் உள்ளங்கையிலும் முன்கையிலும் ஏந்துங்கள். பையை விரலில் தொங்கவிடாமல் தோளில் மாட்டுங்கள். சின்ன மூட்டு செய்கிற வேலையைப் பெரிய மூட்டுக்குக் கொடுக்க வேண்டும்.

இதில் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று இருக்கிறது. "பின்ன மட்டும் முடியுது, அரைக்க முடியலையோ?" இந்த வார்த்தை எல்லா வீட்டிலும் வரும். என் வீட்டிலும் வந்தது. அந்த வார்த்தைக்குப் பயந்து நான் நான்கு வருடம் யார் முன்னாலும் ஊசியைத் தொடவில்லை. யாரும் இல்லாத நேரத்தில் அறையைச் சாத்திக்கொண்டு பின்னுவேன், படியில் சத்தம் கேட்டால் மெத்தைக்கு அடியில் ஒளிப்பேன். இப்போது நினைத்தாலும் எனக்குத் துக்கமாக இருக்கிறது. நோய்க்காரி சந்தோஷமாக இருந்தால் நோய் பொய் என்று நினைக்கிறார்கள்.

ஒரு நாள் என் மாமியாரை உட்கார வைத்துக் கையைக் காட்டினேன். "அம்மா, நல்ல ஊசி பத்து நிமிசம் பிடிக்க ஒரு படி பலம் வேணும். ஆட்டுக்கல்லு சுத்த பத்துப் படி வேணும். என் கையில காலையில இருக்கது மூணு படி" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் என் கொழுந்தனிடம் சொல்லிக் கிரைண்டர் வாங்க வைத்தார். நீங்களும் வீட்டில் அளவு சொல்லிப் பேசுங்கள். "வலிக்குது" என்று மட்டும் சொன்னால் வலிக்காதவர்களுக்கு அது விளங்காது.

8. ஏதோ ஒன்றை விட வேண்டி வரும். இதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. நான் விட்டது ஒயர் கூடை. சிவன் கண்ணும் நெல்லிக்காய் முடிச்சும் போட்டுக் கல்யாண வீடுகளுக்குப் பின்னிக் கொடுத்தவள். ஒயரைக் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்து நெகிழ்த்திப் பார்த்தேன், கையுறை போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முடிச்சையும் பெருவிரலால் அழுத்திச் சுண்டி இழுத்தால்தான் கூடை நிற்கும், அதற்கு வேறு வழியே இல்லை. 2003இல் மிச்சமிருந்த ஒயர்க் கட்டுகளைப் பக்கத்துத் தெரு அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்து அழுதேன். அழுங்கள், அதில் தப்பில்லை. அதன்பிறகு கை எதைச் செய்யும் என்று தேடுங்கள்.

அமெரிக்காவில் அன்னா மேரி ராபர்ட்சன் மோசஸ் என்று ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண்மணி. 1860இல் பிறந்தவர். கம்பளி நூலால் துணியில் படம் தைப்பார். எழுபது வயதுக்கு மேல் வாதத்தால் ஊசி பிடிக்க முடியாமல் போயிற்று. ஊசியைவிடத் தூரிகை லேசு என்று சகோதரி சொன்னதைக் கேட்டுப் படம் தீட்டத் தொடங்கினார். 1938இல் மருந்துக் கடை ஒன்றின் சன்னலில் வைத்திருந்த அவருடைய படங்களை ஒருவர் கண்டு வாங்கினார். அதன்பிறகு உலகம் அவரை 'கிராண்ட்மா மோசஸ்' என்று அழைத்தது. 101 வயதில் 1961இல் இறந்தார். அவர் தீட்டியதெல்லாம் முன்பு நூலில் தைத்த அதே பனி விழுந்த வயல்கள், அறுவடை, வீடுகள். நூல் போய்ச் சாயம் வந்தது. கண்ணுக்குள் இருந்த வயல் அப்படியே இருந்தது.

நம் நாட்டிலேயே சாந்திநிகேதனில் வினோத் பிஹாரி முகர்ஜி என்ற ஓவியர் இருந்தார். 1904இல் பிறந்தவர், சிறு வயதிலிருந்தே பார்வை குறைவு. 1950களில் கண் அறுவை சிகிச்சை பலிக்காமல் பார்வை முழுதாகப் போய்விட்டது. ஓவியருக்குக் கண் போனால் என்ன மிச்சம் என்று நாம் கேட்போம். அவர் விரலால் தடவித் தாளை மடித்தார், வெட்டினார், ஒட்டினார்; மெழுகில் உருவம் செய்தார்; கலா பவனத்தில் ஓடு பதித்த ஒரு பெரிய சுவர்ச் சித்திரமே செய்தார். அவருடைய மாணவர் சத்யஜித் ராய் 1972இல் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்துக்கு 'தி இன்னர் ஐ' என்று பெயர். கிடைத்தால் பாருங்கள். அந்தக் கைகளைப் பார்ப்பதற்காகவே பார்க்க வேண்டும்.

நம் நாகர்கோவில் பக்கத்திலேயே ஒரு வழி கிடக்கிறது. 1819இல் இங்கே வந்த மால்ட் தம்பதியரில் மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னச் சொல்லித் தந்தார். திண்டு மேல் ஊசி குத்தி, சின்ன மரக் கட்டைகளில் நூல் சுற்றி மாற்றி மாற்றிப் போடுகிற லேஸ் அது. அந்தக் கட்டைகளின் எடையே நூலை விறைப்பாக வைத்திருக்கும். கை இழுத்துப் பிடிக்க வேண்டாம், எடுத்துப் போட்டால் போதும். கிள்ளிப் பிடிக்க முடியாதவர்களில் சிலருக்கு குரோஷாவைவிட இது ஒத்துவரும். குண்டூசியை மட்டும் பெருவிரலால் அழுத்தாமல் ஒரு தையல் விரலுறை போட்டுக் குத்துங்கள். இன்றும் இந்த வேலை தெரிந்த மூத்த பெண்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே போய்ப் படியுங்கள்.

9. நோவு பொங்குகிற நாட்களில் பின்னாதீர்கள். மூட்டு சிவந்து சூடாக இருக்கும்போது வெந்நீரும் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் சில நிமிடம் வையுங்கள். மருத்துவர் தந்த கைத்தாங்கியைப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் நான் நூல் உருண்டைகளை நிறம் சேர்த்துப் பார்ப்பேன். எலுமிச்சை மஞ்சளுக்குப் பக்கத்தில் கத்தரிப்பூ நிறம் நிற்குமா என்று சன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பேன். பேத்தியைக் கட்டம் போட்ட நோட்டில் புள்ளி வைக்கச் சொல்லி டிசைன் சொல்வேன். போன வருடத்துக் கட்டில் விரிப்பின் நிறமெல்லாம் ஒரு மழைக்கால நோவில் முடிவானவை. மழையில் என் கை இறுகும். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை.

10. ஆர்டர் எடுத்தால் இரண்டு மடங்கு நாள் கேளுங்கள். நாள் குறித்த கல்யாண வேலை வேண்டாம். கூலியைக் குறைக்காதீர்கள், மெதுவாகப் பின்னியது மட்டமான பின்னல் ஆகாது.

11. வெளிச்சம் இடது தோளுக்குப் பின்னாலிருந்து வரட்டும், இடக்கைக்காரர்களுக்கு வலது. கறுப்பு நூலை ராத்திரியில் பின்னாதீர்கள். முடக்கு வாதத்துக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சாப்பிடுகிறவர்கள் விழித்திரைப் பரிசோதனையை மருத்துவர் சொல்கிற கெடுவில் தவறாமல் செய்யுங்கள். நமக்குக் கண்ணும் வேண்டும்.

12. அரசாங்க அட்டை வாங்க வெட்கப்படாதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. கை கால் இயக்கக் குறைபாடு அதில் உண்டு. 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று மருத்துவர் குழு சான்று தந்தால் உரிமைகள் பல கிடைக்கும். கைவினைஞர்களுக்கென்று மத்திய அரசின் அடையாள அட்டையும் தனியாக இருக்கிறது. இரண்டுக்கும் விண்ணப்பம் போடுங்கள். படிவம் நிரப்ப நான் உதவுகிறேன், கையெழுத்தை மட்டும் நீங்கள் போடுங்கள்.

13. தளர்ந்த கண்ணியைப் பிரிக்காதீர்கள். நம் கையின் இறுக்கம் நாளுக்கு நாள் மாறும். திங்கட்கிழமைச் சதுரமும் வியாழக்கிழமைச் சதுரமும் ஒரே அளவில் வராது. பிரித்துப் பின்னினால் இரண்டு நாள் பலம் வீண். எல்லாவற்றையும் லேசாக ஈரமாக்கி, தெர்மோகோல் பலகையில் 4 அங்குலக் கட்டம் வரைந்து, நான்கு மூலையிலும் குண்டூசி குத்திக் காயவிடுங்கள். முக்கால்வாசி வித்தியாசம் அதிலேயே போய்விடும். மிச்சம் இருப்பதை விளிம்பு வரிசையில் வையுங்கள், மேசையின் ஓரத்தில் தொங்குகிற இடத்தில் துணிக்குக் கொஞ்சம் தளர்ச்சி நல்லதுதான்.

போன சனிக்கிழமை அந்தப் பிள்ளை மஞ்சள் பையோடு வந்தாள். ஒன்பது சதுரம் ஆகியிருந்தது. இரண்டு தளர்ந்து பெரிதாக இருந்தன, நோவு கூடிய நாளில் பின்னியதாம். பிரிக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று தனியே எடுத்து வைத்தேன். பத்தாவது சதுரம் பாதி வரிசையில் நின்றிருந்தது. கண்ணியில் ஊக்கு பூட்டியிருந்தது. மற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு முழ நீளத்துக்குக் கறுப்பு நுரைக் குழாய் வாங்கி வந்திருந்தாள். திண்ணையில் உட்கார்ந்து நாலு நாலு விரற்கடையாக அளந்து நறுக்கத் தொடங்கினோம்.